மூன்று வரி மேலே

வட்டவளைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் ஜெயந்தினி கிளாக்கராக இருந்தாள். அன்றன்றைய கொழுந்து நிறையைக் கம்பியூட்டரில் பதிந்து தலைமை ஆபீஸுக்கு அனுப்புவதுதான் அவளுடைய முக்கிய வேலை. ஆனி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் புரோகிராம் வேலை செய்ய மறுத்தது. திறந்தால் சிவப்பு எழுத்தில் நாலு வரி ஆங்கிலம் வந்து நின்றது.

"என்னம்மா, இன்னும் அனுப்பலயா? கொழும்புலருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றார் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி.

"தொறக்கவே மாட்டேங்குதுங்க ஐயா. கம்பனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். உள்ள வந்து பாக்கிறேன்னு சொல்லியிருக்காங்க."

உள்ளே வருவது என்றால் ஆள் வருவதில்லை. பல தோட்டங்களின் கம்பியூட்டர்களைக் கொழும்பிலிருக்கும் ஒரு கம்பனி அங்கிருந்தபடியே பார்த்துக்கொண்டது. பழுது என்று எழுதிப் போட்டால் அங்கே யாரோ ஒருவர் இங்குள்ள திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். திரையிலிருக்கும் பெட்டிகள் தாமாகத் திறக்கும், தாமாக மூடும். இங்கே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வந்தவர் பெயர் தெரியாது, குரல் கேட்காது. திரையின் மூலையில் ‘சப்போர்ட்’ என்றும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும்.

அன்று வந்தவர், எங்கே பிழை நேர்ந்தது என்று கம்பியூட்டர் தானே குறித்துவைத்திருந்த நீண்ட பக்கமொன்றைத் திறந்தார். மவுஸின் அம்பு ஓரத்தில் அசையாமல் கிடந்தது. பக்கம் மட்டும் நகர்ந்தது. ஒரே தாவலில் ஒரு திரை அளவு கீழே போய் நின்றது. பிறகு ஒரு வரி மேலே ஏறியது. இன்னொரு வரி. இன்னொன்று. அங்கே நின்றது. வாசிக்கிற நேரம் கழிந்ததும் மறுபடி ஒரு திரை கீழே போய், மறுபடி மூன்று வரி மேலே.

தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப்போன ஜெயந்தினியின் கை பாதியில் நின்றுவிட்டது.

அப்படிப் பக்கம் நகர்த்துகிற ஒரே ஓர் ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பி துஷாந்த். அவன் வீட்டைவிட்டுப் போய் ஏழு வருடமாகியிருந்தது.

பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய கம்பியூட்டரொன்றை அப்பா மாயாண்டி கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றித் தலையில் வைத்து வரிசை வீடுகளான தங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தார். கூட மவுஸ் இருக்கவில்லை. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த தடவை ஹட்டனுக்குப் போகும்போது வாங்கலாம் என்று இருந்தார்கள். அதற்குள் துஷாந்த் கீபோர்டை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டான். ஸ்பேஸைத் தட்டினால் பக்கம் ஒரு திரை கீழே போகும். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் மேலே வரும். கண்ட்ரோலையும் ஹோமையும் சேர்த்து அமுக்கினால் எங்கே இருந்தாலும் முதல் வரிக்குப் போய்விடலாம், எண்டோடு சேர்த்தால் கடைசி வரிக்கு. பிறகு மவுஸ் வந்தபோதும் அவன் அதைத் தொடவில்லை. "அதெல்லாம் வழி தெரியாதவங்களுக்கு" என்பான்.

கூட்டாளி ஒருவன் ஹட்டனில் இன்டர்நெட்டிலிருந்து கதைகளை இறக்கிப் பென்டிரைவில் கொடுப்பான். அக்காவும் தம்பியும் ஒரே மரப்பெட்டியின்மேல் நெருங்கி உட்கார்ந்து வாசிப்பார்கள். துஷாந்த் வேகமாக வாசிப்பான். அவள் முடிப்பதற்குள் ஸ்பேஸைத் தட்டிவிடுவான். அதற்காக அவள் அவன் முதுகில் குத்துவாள், அவன் கத்துவான், அம்மா மீனம்மா அடுப்படியிலிருந்து இரண்டு பேரையும் ஏசுவாள். பிறகு அவனாகவே ஒரு வழி செய்தான். ஸ்பேஸைத் தட்டியதும் மேல் அம்பை மூன்று தரம் தட்டி, போன திரையின் கடைசி வரிகளைத் திரும்பக் கொண்டுவருவான். "இந்தா, ஒன் மூணு வரி. வாசி" என்பான். நாளாக நாளாக அது அவன் கைக்கே பழகிப்போனது. தனியாக வாசிக்கும்போதும் அப்படியே செய்தான்.

அவன் போனதற்குக் காரணம் இந்த ஆபீஸ்தான். இங்கே ஒரு கிளாக்கர் வேலை காலியானபோது அப்பா, தோட்டத்து மானேஜரான துரையின் பங்களா வாசலில் காத்து நின்று மகனுக்காகக் கேட்டார். பையனை வரச்சொன்னார்கள். "நீங்க கையக் கட்டிக்கிட்டு நின்ன எடத்துல நானும் வந்து நிக்கணுமாங்கப்பா?" என்று துஷாந்த் அதற்கு முதல் நாள் இரவு கேட்டான்.  அவன் வந்துவிடுவான் என்றே அப்பா நினைத்திருந்தார். விடிந்ததும் அவன் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்விட்டான். அன்று பின்னேரம் அவன் அங்கிருந்து போன் பண்ணியபோது அப்பா சொன்னது லயத்தில் எல்லோருக்கும் கேட்டது. "இனி என் மூஞ்சியில முழிக்காத. நான் செத்தாலும் வராத."

கோபத்தில் சொன்னதுதான். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். நம்பரை மாற்றினான். கட்டாருக்குப் போய்விட்டதாக ஒரு பேச்சு வந்தது. அதன்பிறகு அதுவும் இல்லை. அப்பா துரையின் முன்னால் தலைகுனிந்து நிற்கக்கூடாதே என்று, அந்த வேலைக்கு ஜெயந்தினி போனாள். அவனுக்கென்று கேட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

கொரோனா காலத்தில் அப்பா நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். துஷாந்துக்குச் சொல்ல எந்த வழியும் இருக்கவில்லை.

இப்போது திரையில் அந்தப் பக்கம் முடியும் தறுவாயில் இருந்தது.  உலகத்தில் எத்தனையோ பேர் இப்படிப் பக்கம் நகர்த்தலாம். அவளுக்கு அது தெரியும். ஆனாலும் திரையின் ஓரத்தில் இருந்த சிறிய பெட்டியில், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள். "தம்பி?"

நகர்ந்துகொண்டிருந்த பக்கம் நின்றது.

மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வரிகூட மேலேயோ கீழேயோ போகவில்லை. பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாக மூடின. புரோகிராம் ஒழுங்காகத் திறந்தது. ‘பிழை திருத்தப்பட்டது, நன்றி’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வந்தவர் போய்விட்டார்.

"சரியாச்சா?" என்றார் கணேசமூர்த்தி.

"சரியாச்சுங்க ஐயா" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வீட்டில் அவள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், துஷாந்தைக் கட்டாரில் பார்த்ததாக ஒருவன் சொன்னான் என்று கேள்விப்பட்டு, அம்மா அன்றைய வேலையைப் போட்டுவிட்டு, அப்படிச் சொன்னவனைத் தேடி டிக்கோயாவுக்குப் போனாள். அவன் பார்த்தது வேறு யாருடைய மகனையோ. திரும்பி வந்தவள் அன்று சேலையைக்கூட மாற்றாமல் சுவரோரம் படுத்துக்கொண்டாள். அப்படி இன்னொரு தடவை நடக்க ஜெயந்தினி விடமாட்டாள்.

அதற்குப் பிறகு அவளுடைய கம்பியூட்டருக்கு அடிக்கடி நோவு வந்தது. பிரிண்டர் இழுக்கவில்லை என்று எழுதிப் போட்டாள். எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று எழுதினாள். ஒவ்வொரு தடவையும் திரையை யாராவது கைக்கு எடுப்பார்கள், அவள் முன்னால் சாய்ந்து உட்காருவாள். ஒருவர் மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பக்கத்தை வழுக்கிக்கொண்டு போவார். இன்னொருவர் ஓரத்திலிருக்கும் பட்டையைப் பிடித்து இழுப்பார். எல்லாம் வேறு கைகள்.

"இந்தக் கம்பியூட்டருக்குத் தாயத்துக் கட்டணும் போல" என்று கணேசமூர்த்தி சிரித்தார்.

ஒரு மத்தியானம் கணக்குத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் விரல் தற்செயலாக ஸ்க்ரோல் லொக் என்ற கீயில் பட்டது. அந்தக் கீ விழுந்திருந்தால், அம்பைத் தட்டும்போது கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போகாது. தாள் முழுவதுமே ஓடும். வீட்டுக் கம்பியூட்டரில் கணக்குத் தாள் பழகிய நாளில் அவள் வாரத்துக்கு ஒருமுறையாவது அதைத் தட்டிவிட்டு அலறுவாள். துஷாந்த் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடிவருவான். தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அந்த ஒரு கீயைத் தட்டிவிட்டுப் போவான்.

ஜெயந்தினி அதை அப்படியே விட்டாள். புதிய முறைப்பாடொன்று எழுதினாள். அம்பைத் தட்டினால் தாள் முழுவதும் நகருகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே, அந்தக் கம்பனியில் வேறு யார் பார்த்தாலும் விளங்காதபடி, ஆங்கில எழுத்தில் தமிழாக இன்னொரு வரி. "ஐயோ, மறுபடியும் எல்லாம் ஓடுதுடா."

அன்று யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஸ்க்ரோல் லொக்கைத் தொடாமலே, மவுஸால் கட்டம் கட்டமாகத் தொட்டு அவள் வேலையைச் செய்தாள். கொழுந்து நிறை அனுப்பப் பிந்தியது. கணேசமூர்த்தி முதல்தடவையாகக் கொஞ்சம் முகம் சுளித்தார்.

மூன்றாம் நாள் அவர் துரையைப் பார்க்கப் போயிருந்த நேரம் திரை ஒருமுறை மின்னி அடங்கியது. யாரோ வந்திருந்தார்கள். கணக்குத் தாளில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டம் தனியாக ஒன்று, இரண்டு என்று நகர்ந்தது. ஸ்க்ரோல் லொக் எடுபட்டுவிட்டது. அந்த ஆள் போகவில்லை. வெறும் நோட்பேட் ஒன்று திறந்தது. அதில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

"இன்னும் அந்தக் கீயத் தட்டிக்கிட்டுத்தான் இருக்கியா அக்கா."

ஜெயந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபீஸில் வேறு யாருமில்லை. இருந்தாலும் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்தாள்.

"அன்னைக்கு நீதானே?" என்று தட்டினாள்.

"நான்தான். எனக்குப் பின்னால எங்க ஆபீஸ் பெரியவர் நின்னுக்கிட்டிருந்தார். அதோட பயமாவும் இருந்துச்சு. நம்ம தோட்டத்துப் பேரப் பாத்ததும் வேலைய வேற யாருக்காவது குடுக்கலாம்னுதான் நெனச்சேன். குடுக்க மனசு வரல்ல. நீதான் அங்க இருக்கேன்னு தெரியாது."

 பிறகு அடுத்த வரி வந்தது. "அம்மா சொகமா? அப்பாவுக்கு இன்னும் கோவந்தானா?"

அந்தக் கேள்வியை அவள் பார்த்தாள். அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். 

அவள் வேறு எல்லாவற்றையும் எழுதினாள். அம்மா கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டதை, மூட்டு வலியை, லயத்தின் கூரை மாற்றியதை, பழைய கம்பியூட்டரில் கோழி அடை கிடந்ததை, பக்கத்துக் காம்பரா வீட்டுக் கிருஷாந்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததை. எழுத எழுத வரிகள் மேலே ஏறி மறைந்துகொண்டே இருந்தன. அவன் குறுக்கே எழுதவில்லை, காத்திருந்தான். சொல்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்றானபோது, அவள் தட்டினாள்.

"அப்பா இல்லடா தம்பி. கொரோனா நேரம் போயிட்டார். ஒன்னயத் தேடாத எடமில்ல."

கீழே தன்னுடைய போன் நம்பரை எழுதினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நோட்பேட் சட்டென்று முதல் வரிக்குப் போனது. கண்ட்ரோலும் ஹோமும். அங்கிருந்து அவன் வரி வரியாக இறங்கினான். மூட்டு வலி, கூரை, கோழி, இரட்டைப் பிள்ளை. அப்பாவைப் பற்றிய வரி திரையின் அடியில் தலைகாட்டுமுன்னே நின்றான். மறுபடியும் முதல் வரிக்குப் போனான். மறுபடியும் இறங்கினான். அந்த இடத்திலேயே நின்றான். எத்தனை தடவை அப்படிப் போய்வந்தான் என்று அவள் எண்ணவில்லை. கண்ணீரில் எழுத்துகள் கலங்கின. பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை. அவன் அங்கே தனியாக வாசித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரியாவது இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அவன் கீழ்வரை இறங்கினான். நம்பருக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. திரை மறுபடி மின்னியது. அவன் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. தெரியாத நம்பர். ஜெயந்தினி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள்.

"யாரு?" என்றாள் மீனம்மா, போனைக் காதில் வைத்து.

"நாந்தாம்மா."

மீனம்மாவின் கையிலிருந்த விறகுக்குச்சி கீழே விழுந்தது. அவள் அழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் ஜெயந்தினிக்கும் கேட்டது.

"பேசுப்பா" என்றாள் அம்மா. "என்னத்தையாவது பேசு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

வருகிற சனிக்கிழமை வருவதாக அவன் சொன்னான். அம்மா வாசலைச் சாணம் போட்டு மெழுகினாள். கிருஷாந்தி வீட்டிலிருந்து நல்ல பாயொன்று இரவல் வாங்கினாள். 

சனிக்கிழமை மத்தியானம் ஜெயந்தினியின் போன் அடித்தது.

"அக்கா, நான் கினிகத்தேனையில எறங்கிட்டேன்."

"அங்க எதுக்குடா எறங்கின? பஸ் ஹட்டன் வரைக்கும் போகுந்தானே?"

"தெரியல. மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு." பின்னால் பஸ்காரன் ஒருவன் சிங்களத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். "மேல வாற பஸ்ஸில ஏறவா, திரும்பிப் போற பஸ்ஸில ஏறவான்னு தெரியாம நிக்கிறேன்."

"ஒண்ணுலயும் ஏறாத. அங்கேயே நில்லு. நான் வாறேன்."

அம்மாவிடம், பஸ் பிந்துகிறதாம், போய்க் கூட்டிவருகிறேன் என்றாள். கீழே இறங்கி ரோட்டுக்கு வந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். வளைவுக்கு வளைவு மழை கூடிக்கொண்டு போனது. அவன் நிற்பானா, இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நிற்கவில்லையென்றால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தாள். இன்னொன்றையும் நினைத்தாள். அவன் கட்டாயம் கேட்பான். அப்பா கடைசியாகத் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்பான். ‘தம்பி எங்க, தம்பி எங்கன்னு கேட்டார்டா’ என்று சொல்லிவிடலாம். பஸ்ஸின் ஆட்டத்தில் அதை இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அவன் சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, தாடி வைத்து, முன்னந்தலையில் மயிர் குறைந்திருந்தது. அவள் உள்ளே வந்ததும் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய ஈரக் குடையை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஒரு பிளேன்டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தார்கள். ஏன் போனாய், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவள் எதுவும் கேட்கவில்லை. பஸ் வந்ததும், "வா" என்று எழுந்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

பஸ் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான். "கடைசியா என்னயப் பத்தி ஏதாவது சொன்னாராக்கா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வரும் வழியில் சொல்லிப் பார்த்தது நாக்கில்தான் இருந்தது. அது வெளியே வரவில்லை.

"தெரியாதுடா. ஆஸ்பத்திரியில யாரையும் உள்ள விடல. அந்த நேரம் அப்பிடித்தான். அம்மாவும் நானும் கேட் வாசல்ல நின்னோம். விடியிற நேரம் நர்ஸம்மா ஒருத்தங்க வந்து சொன்னாங்க. என்ன சொன்னார், யாரக் கேட்டார், ஒண்ணும் தெரியாது. எனக்குந்தான் தெரியாது."

அவன் தலையை ஆட்டினான். ஜன்னல் கண்ணாடியில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொகம் ஞாபகம் இருக்கு" என்றான் பிறகு. "சத்தந்தான் மறந்துபோச்சு. படுத்தா நெனச்சு நெனச்சுப் பாக்கிறேன். அன்னைக்கு போன்ல ஏசினது மட்டுந்தான் வருது. அதுக்கு முந்தின சத்தம் ஒண்ணும் வருதில்ல."

ஜெயந்தினி கண்ணை மூடினாள். அவளுக்கும் உடனே வரவில்லை. பின்னேரங்களை நினைத்தாள். வேலை முடிந்து படியேறி வரும்போது, வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே அப்பா ஒரு குரல் கொடுப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. அவள் தொண்டையைச் செருமினாள்.

"ஏய்... புள்ளைங்களாஆ. ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க."

முன் சீட்டிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஜெயந்தினிக்கு வெட்கமாக இருந்தது. துஷாந்த் அசையவில்லை. அவனுடைய கண்களிலிருந்து வழிந்தது தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றான்.

அவள் சொன்னாள். பஸ் வளைவில் திரும்பி, மழைக்குள்ளே மேலே ஏறியது.